கரடி பொம்மை காட்டிய தாவோ

1982-இல் அமெரிக்காவில் ‘தி தாவோ ஆஃப் பூ’ என்று ஒரு சிறிய புத்தகம் வந்தது. எழுதியவர் பெஞ்சமின் ஹாஃப். போர்ட்லாந்து நகரத்து ஜப்பானியத் தோட்டத்தில் மரங்களைக் கவாத்து செய்யும் வேலையில் இருந்தவர். இரவுகளிலும் வார விடுமுறைகளிலும் உட்கார்ந்து எழுதினார். சீனத்துத் தாவோ தத்துவத்தை மேற்கத்திய வாசகர்களுக்குச் சொல்ல அவர் துணைக்கு அழைத்துக்கொண்டது வின்னி-த-பூ என்ற கரடி பொம்மையை. ஏ. ஏ. மில்ன் 1926-இலும் 1928-இலும் எழுதிய இரண்டு குழந்தைக் கதைப் புத்தகங்களின் நாயகன் அந்தக் கரடி. மில்னின் மகன் கிறிஸ்டோஃபர் ராபின் வைத்து விளையாடிய பொம்மைகள்தான் கதாபாத்திரங்களில் பெரும்பாலானவை. கதை நடக்கும் காட்டுக்கு மாதிரி, இங்கிலாந்தின் தெற்கே இருக்கும் ஆஷ்டவுன் காடு.

புத்தகம் நன்றாக விற்றது. நியூயார்க் டைம்ஸ் விற்பனைப் பட்டியலில் நீண்ட நாள் இருந்தது. 1992-இல் பன்றிக்குட்டி பிக்லெட்டை வைத்து இரண்டாவது புத்தகமும் வந்தது. ‘தாவோ’ என்ற பெயரையே இந்தப் புத்தகங்கள் வழியாக முதலில் கேள்விப்பட்ட வாசகர்கள் மேற்கில் ஏராளம்.

ஒரு குழந்தைக் கதையைக் கையில் வைத்துக்கொண்டு இவ்வளவு பழைய தத்துவத்துக்குள் நுழைய முடியுமா? முடியும் என்பதுதான் என் எண்ணம். தாவோ மரபின் மிகப் பெரிய எழுத்தாளரான சுவாங் ட்சுவே கதைசொல்லியாகத்தான் இருந்தார். ஆனால் ‘குழந்தைகளுக்கான கதை’ என்ற வாசல் வழியாக வரும்போது தாவோவின் ஒரு பாதிதான் உள்ளே வருகிறது. எந்தப் பாதி வருகிறது, எது வாசலிலேயே நின்றுவிடுகிறது என்று பார்த்தால், தாவோ என்றால் என்ன என்பதே ஓரளவு பிடிபட்டுவிடும்.

தாவோ என்றால்

அடிப்படை நூல் ‘தாவோ தே ஜிங்’. 81 குட்டி அதிகாரங்கள், மொத்தமே சுமார் 5,000 சீன எழுத்துகள். லாவோ ட்சு எழுதியதாக மரபு சொல்கிறது. அவர் சோ அரசின் ஆவணக் காப்பாளராக இருந்தார், நாடு சீரழிவதைப் பார்த்து மேற்கே கிளம்பினார், எல்லைக் கணவாயில் காவல் அதிகாரி நிறுத்தி ‘போவதற்கு முன் எங்களுக்காக ஏதாவது எழுதிக் கொடுங்கள்’ என்று கேட்டார், எழுதிக் கொடுத்துவிட்டுப் போனவரை அப்புறம் யாரும் பார்க்கவில்லை. சீன வரலாற்றாசிரியர் சிமா சியென் இப்படித்தான் எழுதிவைத்திருக்கிறார். அப்படி ஒரே ஒரு மனிதர் இருந்தாரா என்பதில் ஆய்வாளர்களுக்குச் சந்தேகம் உண்டு. ஆனால் நூல் பழையது. 1993-இல் குவோதியென் என்ற ஊரில் ஒரு கல்லறையிலிருந்து எடுத்த மூங்கில் ஏடுகளில் இதன் பகுதிகள் இருந்தன. அவை கி.மு. 300 வாக்கில் எழுதப்பட்டவை.

நூலின் முதல் வரியே வாசகரை நிறுத்திவைக்கிறது. சொல்லிவிடக்கூடிய தாவோ நிலையான தாவோ ஆகாது என்கிறது. பொருட்கள் தோன்றுவதும் வளர்வதும் மாறுவதும் திரும்புவதும் எந்தப் போக்கில் நடக்கிறதோ அந்தப் போக்கு என்று தாவோவைத் தோராயமாகச் சொல்லலாம். அது கட்டளை போடுவதில்லை, தீர்ப்புச் சொல்வதில்லை, தனக்கென்று எதையும் உரிமை கொண்டாடுவதில்லை. 8-ஆம் அதிகாரம் தண்ணீரைக் காட்டுகிறது. எல்லாவற்றுக்கும் நன்மை செய்கிறது, யாரோடும் போட்டி போடுவதில்லை, எல்லோரும் ஒதுக்குகிற பள்ளத்தில் போய்த் தங்குகிறது. 11-ஆம் அதிகாரம் பானையைக் காட்டுகிறது. களிமண்ணைக் குழைத்துப் பானை செய்கிறோம், ஆனால் பயன்படுவது உள்ளே இருக்கும் வெற்றிடம்.

இதிலிருந்து வருவது ‘வூ வெய்’. கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருப்பதை அது குறிக்கவில்லை. பொருளின் போக்குக்கு எதிராக முண்டாமல் செயல்படுவது அது. மகளின் தலையில் சிக்கெடுக்கும் அம்மா சீப்பைப் போட்டு இழுப்பதில்லை. நுனியில் தொடங்கி, எது தானாக விடுபடுகிறதோ அதை விடுவித்து, மேலே போகிறாள். அவள் செய்வது வேலைதான், நல்ல வேலை. முரட்டுத்தனம் மட்டும்தான் அதில் இல்லை.

இன்னொரு கருத்து, செதுக்காத மரக்கட்டை. நாற்காலி, பெட்டி, கதவு என்று எதுவாகவும் இன்னும் ஆக்கப்படாத கட்டையில் எல்லாச் சாத்தியமும் அப்படியே இருக்கிறது. மனிதரும் அந்த நிலைக்குத் திரும்பலாம் என்கிறது லாவோ ட்சுவின் நூல். சீன மொழியில் அந்தக் கட்டைக்கு ‘பு’ என்று பெயர். ஹாஃப் கரடியைப் பிடித்துக்கொண்டது இங்கேதான்.

மூடுபனியில் மூன்று பேர்

இந்தக் கருத்துகளை அப்படியே வாதமாக எழுதினால் மேற்கத்திய வாசகர் தடுமாறுவார். ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஜேம்ஸ் லெக் 1891-லேயே லாவோ ட்சுவையும் சுவாங் ட்சுவையும் ஆங்கிலத்தில் தந்துவிட்டார். ஆர்தர் வேலியின் மொழிபெயர்ப்பு 1934-இல் வந்தது. நூல்கள் கிடைக்கத்தான் செய்தன. ஆனால் ஒரு கூற்று, அதற்குச் சான்று, அதிலிருந்து முடிவு என்று படித்துப் பழகியவருக்கு ‘மென்மை வன்மையை வெல்லும்’, ‘வெறுமையே பயன்’ என்ற வரிகள் விடுகதைபோல நின்றுவிடுகின்றன. கதை இந்த இடத்தில் உதவுகிறது. மில்னின் இரண்டாவது புத்தகத்தில் வரும் ஒரு நிகழ்ச்சியைப் பாருங்கள்.

டிக்கர் என்ற புலிக்குட்டி எப்போதும் துள்ளிக்கொண்டே இருப்பது முயலுக்குப் பிடிக்கவில்லை. அதைக் காட்டில் தொலைத்துவிட்டுப் பிறகு கண்டுபிடித்தால் கொட்டம் அடங்கும் என்று திட்டம் போடுகிறது. கரடியையும் பிக்லெட்டையும் சேர்த்துக்கொண்டு ஒரு மூடுபனி நாளில் கிளம்புகிறது. கடைசியில் வழி தவறி நிற்பது இவர்கள் மூன்று பேரும்தான். முயல் எல்லாம் தெரிந்ததுபோல முன்னால் நடக்கிறது. எந்தப் பக்கம் போனாலும் அதே மணல்பள்ளத்துக்கே வந்து சேர்கிறார்கள். கரடி ஒரு யோசனை சொல்கிறது. வீட்டைத் தேடிப் போகிறோம், இந்தப் பள்ளம் கிடைக்கிறது. பள்ளத்தைத் தேடிப் போனால் அது கிடைக்காமல் வேறேதாவது கிடைக்கலாம், அது நமக்கு வேண்டியதாகவே இருக்கலாம். இதில் அர்த்தமே இல்லை என்கிறது முயல். இங்கிருந்து நடந்துபோய்த் திரும்பி வந்தால் பள்ளம் கிடைக்காமல் எங்கே போகும் என்று நிரூபித்துக் காட்டப் புறப்படுகிறது. போன முயல் திரும்பவில்லை.

கொஞ்ச நேரம் கழித்துக் கரடி எழுந்திருக்கிறது. வீட்டுக்குப் போகலாம் என்கிறது. வழி தெரியுமா என்று பிக்லெட் கேட்கிறது. தெரியாது, ஆனால் என் அலமாரியில் 12 தேன் ஜாடிகள் இருக்கின்றன, அவை ரொம்ப நேரமாக என்னைக் கூப்பிடுகின்றன, முயல் பேசிக்கொண்டே இருந்ததால் சரியாகக் கேட்கவில்லை, இப்போது கேட்கிறது. இருவரும் நடக்கிறார்கள். ஜாடிகளின் குரலுக்கு இடைஞ்சல் வேண்டாமென்று பிக்லெட் வாயைத் திறப்பதில்லை. சிறிது தூரத்தில் பழகின இடம் வந்துவிடுகிறது.

குழந்தை இதைக் கேட்டுச் சிரிக்கும். லாவோ ட்சுவைப் படித்தவர் 48-ஆம் அதிகாரத்தை நினைத்துக்கொள்வார். படிப்பில் நாளுக்கு நாள் சேர்த்துக்கொண்டே போகிறோம், தாவோவில் நாளுக்கு நாள் கழித்துக்கொண்டே வருகிறோம் என்பது அந்த அதிகாரம். முயலின் சாமர்த்தியம் கழிந்த பிறகுதான், ஏற்கெனவே உள்ளே இருந்த ஒன்று கேட்கத் தொடங்குகிறது. கழிதல் என்றால் என்னவென்று விளக்க எனக்குப் பல பக்கம் வேண்டியிருக்கும். அந்த மணல்பள்ளம் சில பக்கங்களில் காட்டிவிட்டது.

ஹாஃப் இப்படி ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஓர் இடம் கொடுக்கிறார். ஆந்தை, தெரிந்ததைக் காட்டிக்கொள்வதற்காகவே தெரிந்துகொள்ளும் படிப்பு. முயல், கணக்குப் போடும் மூளை. ஈயோர் என்ற கழுதை, ஓயாத புலம்பல். பிக்லெட், தயக்கம். இவர்கள் நடுவில் கரடி, செதுக்காத கட்டை. கிறிஸ்டோஃபர் ராபின் பள்ளிக்கூடம் போன நாளில் வாசலில் எழுத்துப் பிழையோடு எழுதிவைத்துவிட்டுப் போன ஒரு சீட்டு மில்னின் கதையில் வருகிறது: வெளியே போயிருக்கிறேன், வேலையாக இருக்கிறேன், வந்துவிடுவேன் என்று. அந்தப் பிழையான சொற்களையே ஒரு ஆளின் பெயராக்கி, எப்போதும் எங்கோ ஓடிக்கொண்டிருக்கும் அமெரிக்கரைப் படம்பிடித்தார் ஹாஃப். அவர் புத்தகத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அது. வாசகர் தன்னையே அங்கே பார்த்துக்கொள்வார்.

குழந்தையும் கல்வியும்

குழந்தையை முன்னால் நிறுத்துவதற்கு மூல நூலிலேயே ஆதாரம் உண்டு. 55-ஆம் அதிகாரம் கைக்குழந்தையைப் பற்றிப் பேசுகிறது. எலும்பு மெல்லியது, தசை இளசு, ஆனால் பிடி உறுதி. நாள் முழுக்க வீறிட்டு அழுகிறது, தொண்டை கட்டுவதில்லை, ஏனென்றால் அதற்குள் எதுவும் முரண்டு பிடிக்கவில்லை. ஆகவே ஹாஃப் இல்லாத ஒன்றை இட்டுக்கட்டிவிடவில்லை.

தடுமாற்றம் வேறு இடத்தில் இருக்கிறது. ஹாஃப் தன் புத்தகத்தைக் காடித் (வினிகர்) தொட்டி ஓவியத்தோடு தொடங்குகிறார். மூன்று பேர் ஒரு தொட்டியிலிருந்து காடியைத் தொட்டுச் சுவைக்கிறார்கள். கன்பூசியஸ் முகத்தில் புளிப்பு, புத்தர் முகத்தில் கசப்பு, லாவோ ட்சு முகத்தில் புன்னகை. உலகத்தை அப்படியே ஏற்கத் தெரிந்தவர் லாவோ ட்சு ஒருவர்தான் என்று ஹாஃப் இதைப் படிக்கிறார். சீனத்தில் இந்த ஓவியத்துக்கு இன்னொரு பொருளும் உண்டு. மூன்று பேரும் நிற்பது ஒரே தொட்டியைச் சுற்றி, மூன்று போதனைகளும் ஒன்றே என்பது அது. அறிஞர்களையும் ஹாஃப் வறண்டவர்கள் என்று கடிந்துகொள்கிறார். தாவோ என்றால் படிப்புக்கு எதிரி என்ற எண்ணத்தோடு வாசகர் புத்தகத்தை மூடிவைக்க வாய்ப்பிருக்கிறது.

இதற்கு மறுப்பு சுவாங் ட்சுவிடமே இருக்கிறது. கி.மு. 4-ஆம் நூற்றாண்டு, சீன அரசுகள் ஒன்றையொன்று விழுங்கிக்கொண்டிருந்த போர்க்காலம். அரக்குத் தோட்டம் ஒன்றில் சிறு அதிகாரியாக இருந்தவர் என்கிறார் சிமா சியென். அவர் பெயரில் உள்ள நூல் 33 அதிகாரங்கள். மரம், மீன், தவளை, ஆமை, குரங்கு, கொத்தர், தச்சர் என்று கதை கதையாகப் போகிறது. அவருடைய நெருங்கிய நண்பர் ஹுய் ஷி தர்க்கவாதி. வாதம் செய்வதே தொழில். இருவரும் சந்திக்கும்போதெல்லாம் மோதிக்கொள்வார்கள். ஹுய் ஷி இறந்த பிறகு அவர் கல்லறையைக் கடக்கும்போது சுவாங் ட்சு கூட வந்தவர்களிடம் ஒரு கதை சொல்கிறார். ஒருவர் மூக்கு நுனியில் ஈ இறக்கை அளவு மெல்லிய சுண்ணாம்பு ஒட்டிக்கொண்டது. தச்சர் ஷி கோடரியைச் சுழற்றி வீசிச் சுண்ணாம்பை மட்டும் எடுத்துவிட்டார். மூக்கில் கீறல் இல்லை. நின்றவர் முகம் மாறவும் இல்லை. பிற்பாடு அரசர் கூப்பிட்டு அதைச் செய்துகாட்டச் சொன்னபோது தச்சர் சொன்னார்: என்னால் ஒரு காலத்தில் முடிந்தது, ஆனால் எதிரே நின்ற என் ஆள் இறந்து வெகு நாளாகிவிட்டது. சுவாங் ட்சு முடிக்கிறார்: இவர் போனதிலிருந்து எனக்கும் எதிரே நிற்க ஆளில்லை, பேச யாரும் இல்லை.

வாதக்காரரை இவ்வளவு நேசித்த ஒருவரைக் கல்வியின் எதிரி என்று எப்படிச் சொல்வது?

19 வருடக் கத்தி

குழந்தைக் கதைகளில் வராத பாதி என்று முதலில் சொன்னேனே, அதன் நடு மையம் டிங் என்ற சமையற்காரரின் கதை. சுவாங் ட்சு நூலின் 3-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது.

வென்ஹுய் என்ற அரசருக்காக டிங் ஒரு மாட்டை அறுத்துப் பிரிக்கிறார். கை படும் இடம், தோள் சாயும் இடம், கால் ஊன்றும் இடம், முழங்கால் அழுத்தும் இடம் எல்லாவற்றிலும் சரக் சரக்கென்று ஓசை எழும்புகிறது. அந்த ஓசை பழைய நடன இசைக்குத் தாளம்போல ஒத்துப்போகிறது. அரசர் வியந்து பாராட்ட, டிங் கத்தியைக் கீழே வைத்துவிட்டுப் பேசுகிறார். தொழிலுக்கு வந்த புதிதில் மாடு மாடாகத்தான் தெரிந்தது. மூன்று வருடத்துக்குப் பிறகு முழு மாடாகத் தெரியவில்லை. இப்போது கண்ணால் பார்ப்பதில்லை. மூட்டுக்கும் மூட்டுக்கும் நடுவே இடைவெளி இருக்கிறது, கத்தி விளிம்புக்குக் கனமே இல்லை. கனமில்லாததை இடைவெளியில் விட்டால் விளையாட இடம் தாராளம். சாதாரண ஆள் மாதம் ஒரு கத்தி மாற்றுகிறார், வெட்டுவதால். தேர்ந்த ஆள் வருடம் ஒரு கத்தி மாற்றுகிறார், அறுப்பதால். என் கத்தி 19 வருடமாக இருக்கிறது, ஆயிரக்கணக்கான மாடுகளைப் பிரித்திருக்கிறது, இன்றைக்குத் தீட்டியதுபோல இருக்கிறது.

அடுத்து டிங் சொல்வதை அவசரமில்லாமல் படிக்க வேண்டும். சிக்கலான முடிச்சு வந்தால் எனக்கும் கஷ்டம் என்கிறார். எச்சரிக்கையாகிறேன், கண்ணை அங்கேயே நிறுத்துகிறேன், கையை மெதுவாக்குகிறேன், கத்தியைத் துளி அசைக்கிறேன். தடாலென்று மண்கட்டி உதிர்வதுபோலப் பிரிந்து விழுகிறது.

வூ வெய் என்பது இதுதான். கரடியிடம் இது கிடையாது. கரடிக்குப் பயிற்சி தேவைப்படவில்லை. அது பிறந்தபடியே சரியாக இருக்கிறது. டிங் வருடக்கணக்கில் கைபழகி அங்கே வந்து சேர்ந்தவர். அவருக்கும் முடிச்சு வருகிறது, அங்கே அவர் நின்று பார்க்கிறார். குழந்தையின் எளிமை ஒன்று, முழுத் தேர்ச்சிக்குப் பிறகு வரும் எளிமை இன்னொன்று. லாவோ ட்சு கைக்குழந்தை நிலைக்குத் ‘திரும்பு’ என்று சொல்வதை இதோடு சேர்த்துப் படித்தால் பொருள் தெளியும். திரும்புவதற்கு முன் எங்காவது போயிருக்க வேண்டுமே.

மில்னின் இரண்டாவது புத்தகம் முடியும் இடத்தில் கிறிஸ்டோஃபர் ராபின், தனக்கு மிகவும் பிடித்தது ‘ஒன்றும் செய்யாமல்’ இருப்பதுதான் என்கிறான். இனி அப்படி இருக்க விடமாட்டார்கள் என்றும் சொல்கிறான். பள்ளி காத்திருக்கிறது. படிக்கும்போது மனம் கனத்துப்போகும். ஆனால் அவன் இழப்பது பால்யத்தின் ஓய்வு. டிங்கின் வூ வெய்யைப் பள்ளிக்கூடத்தாலோ வேலையாலோ பறிக்க முடியாது. அது வேலைக்குள்ளேயே இருக்கிறது. இரண்டையும் ஒன்றாக்கிவிட்டால், தாவோ என்பது பெரியவர்கள் தொலைத்துவிட்டு ஏங்கும் ஒரு சின்ன வயது நினைவாகச் சுருங்கிவிடும். மேற்கில் பலருக்கு அப்படித்தான் சுருங்கியும் இருக்கிறது.

நீதியை உடைக்கும் கதைகள்

குழந்தைக் கதைக்கு முடிவில் ஒரு நீதி வேண்டும் என்று பலர் எதிர்பார்க்கிறார்கள். சுவாங் ட்சு அந்தப் பழக்கத்தையே உடைக்கிறார். பயனற்ற மரத்தின் கதை பிரபலம். ஊர்க்கோயிலில் ஒரு பிரம்மாண்டமான மரம், ஆயிரக்கணக்கான மாடுகள் நிழலில் நிற்கலாம். தச்சர் திரும்பிக்கூடப் பார்க்காமல் போகிறார். படகு செய்தால் மூழ்கும், பெட்டி செய்தால் உளுக்கும், ஒன்றுக்கும் உதவாத கட்டை என்கிறார். அன்றிரவு கனவில் மரம் வந்து கேட்கிறது: பழ மரங்களைப் பார், பயன் இருப்பதால்தானே கிளை முறிபடுகின்றன? நான் பயனற்றவனாக இருப்பதுதான் எனக்குப் பெரும்பயன்.

நீதி கிடைத்துவிட்டது என்று வாசகர் நிம்மதியாக இருக்கும்போது, 20-ஆம் அதிகாரத்தில் சுவாங் ட்சுவே ஒரு மலைப்பாதையில் அதேபோன்ற மரத்தைப் பார்க்கிறார். பயனில்லாததால் பிழைத்தது என்கிறார். மலையிறங்கி நண்பர் வீட்டில் தங்குகிறார். விருந்துக்கு வாத்து அடிக்க வேண்டும். இரண்டில் எதை என்று பையன் கேட்கிறான். ஒன்று கத்தும், ஒன்றுக்குக் கத்தத் தெரியாது. கத்தத் தெரியாததை அடி என்கிறார் வீட்டுக்காரர். மறுநாள் சீடர் கேட்கிறார்: ஐயா, மரம் பயனில்லாததால் பிழைத்தது, வாத்து பயனில்லாததால் செத்தது, நீங்கள் எங்கே நிற்பீர்கள்? சுவாங் ட்சு சிரித்துக்கொண்டே, இரண்டுக்கும் நடுவே நிற்கலாம் என்று தோன்றுகிறது என்கிறார்; உடனே, அதுவும் முழுத் தீர்வாகாது, தொல்லை விடாது என்று சேர்த்துக்கொள்கிறார். எந்த நிலைப்பாட்டையும் இறுகப் பிடிக்காமல் காலத்தோடு மாறுவதைப் பற்றித்தான் மேற்கொண்டு பேசுகிறார்.

எல்லைப்புறக் கிழவரின் கதைக்கு நேர்ந்ததும் இங்கே சொல்லத் தகுந்தது. கி.மு. 139-இல் ஹான் பேரரசருக்குக் கொடுக்கப்பட்ட ‘ஹுவாய்நான் ட்சு’ என்ற நூலில் இருக்கிறது. குதிரை ஓடிப்போகிறது, சில மாதத்தில் நல்ல குதிரைகளைக் கூட்டிக்கொண்டு திரும்புகிறது, அதில் ஏறிய மகன் விழுந்து கால் உடைகிறது, ஒரு வருடத்தில் போர் வருகிறது, எல்லைப்புறத்து இளைஞர்களில் பத்துக்கு ஒன்பது பேர் மடிகிறார்கள், கால் ஊனத்தால் மகன் பிழைக்கிறான். ஜான் ஜே. முத் வரைந்து எழுதிய ‘ஜென் ஷார்ட்ஸ்’ என்ற 2005-ஆம் ஆண்டுப் படப்புத்தகத்தில் ஸ்டில்வாட்டர் என்ற பாண்டா கரடி குழந்தைகளுக்குச் சொல்லும் மூன்று கதைகளில் இதுவும் ஒன்று. அமெரிக்கப் படப்புத்தகங்களுக்கான கால்டெகாட் கௌரவத்தை அடுத்த வருடம் பெற்ற அழகான புத்தகம். மேற்கில் இன்று புழங்கும் வடிவத்தில் கிழவர் ஒவ்வொரு தடவையும் ‘இருக்கலாம்’ என்பார். சீன மூலத்தில் அவர் அப்படி நழுவுவதில்லை. எல்லோரும் துக்கம் விசாரிக்கும்போது ‘இது ஏன் நன்மையாக மாறக்கூடாது?’ என்றும், எல்லோரும் வாழ்த்தும்போது ‘இது ஏன் கேடாக மாறக்கூடாது?’ என்றும் எதிர்க்கேள்வி போடுகிறார். பத்துக்கு ஒன்பது பிள்ளைகள் செத்துப்போன ஊரில் நிற்கிறார் அந்தக் கிழவர். அதை மனதில் வைத்துப் படித்தால் கதையின் கனம் வேறு.

கரடி தொடாத வேறு பெரிய பகுதிகளும் உண்டு. தாவோயியம் ஒரு மதமும்கூட. கி.பி. 142-இல் சாங் தாவோலிங் தொடங்கியதாகச் சொல்லப்படும் வான்குரு மரபிலிருந்து, பூசாரிகள், சடங்குகள், நோய் தீர்த்தல், மூச்சுப் பயிற்சி, நீண்ட ஆயுளுக்கான ரசவாதம் எல்லாம் அதில் உண்டு. பெய்ஜிங்கின் வெண்மேகக் கோயிலில் இன்றும் தாவோ துறவிகள் இருக்கிறார்கள். லாவோ ட்சுவின் நூலில் அரசியலும் நிறைய. பெரிய நாட்டை ஆள்வது சின்ன மீன் சமைப்பதுபோல என்கிறது 60-ஆம் அதிகாரம். கிளறிக்கொண்டே இருந்தால் மீன் உதிர்ந்துவிடும்.

பெயர் சொல்லாமல் சொன்னவர்

தாவோவைக் குழந்தைகளுக்குச் சொன்னவர்களில் நான் எல்லோருக்கும் மேலே வைப்பது அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா லெ குவின். அவர் தந்தை மானிடவியலாளர் ஆல்ஃபிரட் குரோபர். அவரிடம் பால் கேரஸின் 1898-ஆம் ஆண்டு தாவோ தே ஜிங் பதிப்பு இருந்தது. மகள் அந்த நூலோடு வளர்ந்தார். 1997-இல் தன் சொந்த ஆங்கில வடிவத்தையும் வெளியிட்டார். இளம் வாசகர்களுக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று ஒரு பதிப்பகத்தார் கேட்டதால் 1968-இல் அவர் எழுதியது ‘எ விசர்ட் ஆஃப் எர்த்ஸீ’. லாவோ ட்சு அதில் எங்கும் வரமாட்டார்.

கெட் என்ற சிறுவன் ஓகியோன் என்ற பெரிய மந்திரவாதியிடம் சீடனாகச் சேர்கிறான். முதல் நாளே மந்திரம் கற்றுத்தருவார் என்று எதிர்பார்க்கிறான். ஓகியோன் காட்டில் நடக்கிறார், செடிகளைப் பார்க்கிறார், அதிகம் பேசுவதில்லை. மழை வருகிறது. சின்ன மந்திரக்காரர்கூட ஒரு சொல்லில் மேகத்தைத் தள்ளிவிடுவார். ஓகியோன் மழையைப் பெய்யவிட்டு, அடர்ந்த ஊசியிலை மரம் ஒன்றைக் கண்டு அதன் கீழே படுத்துக்கொள்கிறார். சொட்டச் சொட்ட நனைந்த புதரில் குந்தியிருக்கும் கெட்டுக்கு எரிச்சல். பயன்படுத்தாத அளவுக்கு ஞானம் வந்துவிட்டால் இந்தச் சக்தி எதற்கு என்று யோசிக்கிறான்.

இந்தக் கேள்விக்கு லெ குவின் அங்கே விடை சொல்வதில்லை. கெட் தன் ஆணவத்தால் ஒரு நிழலை உலகத்துக்குள் அவிழ்த்துவிட்டு, அதற்கு அஞ்சி ஓடி, கடைசியில் திரும்பி அதைத் துரத்திப் போய்ச் சந்திக்கும்வரை நாவல் முழுவதுமே அதற்கு விடைதான். குழந்தையின் எளிமையைப் போற்றி நிறுத்திவிடாமல், அவன் வளர்வதையும் தவறுவதையும் தேர்வதையும் கூடவே சொல்வதால் டிங்கின் பாதியும் இங்கே வந்துவிடுகிறது. 12 வயதுப் பிள்ளை மந்திரக் கதையாகவே படித்து முடிக்கலாம்.

புதிதாகத் தொடங்குகிறவருக்கு நான் சொல்லும் வரிசை இது. ஹாஃப் புத்தகத்தை ஒரு மாலையில் படித்துவிடலாம். அறிஞர்களைத் திட்டும் பக்கங்களை அப்படியே நம்ப வேண்டாம். பிறகு லாவோ ட்சுவில் 8, 11, 48, 55 அதிகாரங்கள் மட்டும். முதல் அதிகாரத்தில் தொடங்கினால் பலர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். சுவாங் ட்சுவில் முதல் ஏழு அதிகாரங்கள்தான் மூலப்பகுதியாகக் கருதப்படுபவை. 3-இல் டிங் இருக்கிறார், 4-இல் கோயில் மரம். 7-இன் கடைசியில் ஹுன்துன் கதை. கண், காது, வாய் எதுவும் இல்லாத அரசருக்கு நன்றிக்கடனாக நண்பர்கள் நாளொரு துளை போடுகிறார்கள், ஏழாம் நாள் அவர் இறந்துபோகிறார். 17-ஆம் அதிகாரத்தில் கிணற்றுத் தவளையும், சேற்றில் வாலை இழுத்துக்கொண்டு திரியும் ஆமையும் இருக்கின்றன. பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்ட இவை இரண்டும் ஏற்றவை. வாத்துக் கதையை மட்டும் கோயில் மரத்துக்கு முன்னால் படித்துவிடாதீர்கள். மரத்தை நம்பி, அதோடு சில நாள் இருந்துவிட்டு, அப்புறம் 20-ஆம் அதிகாரத்தைத் திறக்க வேண்டும்.